ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

காவிரியில குளிச்சிருப்பீங்க, நீச்சல் அடிச்சிருப்பீங்க... விமானத்தை இறக்கியிருக்கீங்களா? நான் இறக்கியிருக்கேன் பாஸ்! அதுவும் ஒரே ராத்திரியில் பதினேழு தடவை. அதில் பதினாறு தடவை உயிர் போனது தனிக் கதை!

பதறாதீங்க, எல்லாம் லேப்டாப்பில்தான். ‘ஃப்ளைட்கியர்’ என்று ஒரு சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. ஹாஸ்டல் நண்பன் ஏற்றிக் கொடுத்தான். சக்கரமும் மிதவையும் சேர்ந்த குட்டி செஸ்னாவில் திருச்சி ஏர்போர்ட்டில் கிளம்பி, முக்கொம்பு பக்கம் திரும்பி, ஆற்றில் இறங்க வேண்டும். நிஜக் காவிரியில் தண்ணி வர மேட்டூர் திறக்கணும். என் லேப்டாப் காவிரியில் வருஷம் பூரா வெள்ளம்தான்!

முதல் தடவை சக்கரத்தை மடக்க மறந்துட்டேன். தரைக்குத்தான் சக்கரம், தண்ணீரில் அது மாட்டிக்கொண்டு விமானத்தைக் குப்புறத் தள்ளிவிடும். தள்ளியது. அடுத்த தடவை மூக்கைத் தாழ்த்தி இறக்கினேன். மிதவை தண்ணீரைக் குத்த, தவளை மாதிரி துள்ளித் துள்ளிக் கவிழ்ந்தது.

‘காற்றுதான் வில்லன்’ என்று முடிவு பண்ணி, செட்டிங்கில் காற்றை அணைத்தேன். ஆறு கண்ணாடி மாதிரி ஆனது. இனி அல்வாதான் என்று நினைத்தால், அதுக்கப்புறம்தான் வரிசையா சாவு!

ஏன் தெரியுமா? அலை இருந்தால், அதைப் பார்த்து எவ்வளவு உயரத்தில் இருக்கோம்னு கண் கணக்குப் போடும். அலையே இல்லாத தண்ணியில் வானம்தான் தெரியும். ஐம்பது அடியா, அஞ்சு அடியா... புரியவே புரியாது. உயரம் காட்டும் கருவியைப் பார்க்கலாமே என்கிறீர்களா? அது காட்டுவது கடல் மட்டத்திலிருந்து உயரம். திருச்சியே கடல் மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 290 அடியில் இருக்கிறது. கடைசிப் பத்து அடிக்கு அந்த முள்ளை நம்ப முடியாது. நிஜ பைலட்டுகளே அலையைவிட இந்தக் கண்ணாடித் தண்ணிக்குத்தான் அதிகம் பயப்படுவாங்களாம்.

எனக்கு இந்த பயம் புதுசில்லை. ஒன்பது வயசில் கொள்ளிடத்தில் விளையாடப் போனேன். முழங்கால் தண்ணி, அசையவே இல்லை. அடுத்த அடி வைத்தேன்... தரை இல்லை. மணல் அள்ளிய பள்ளம். மாமா முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். “ஆழம் தெரியாம காலை விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று அம்மா அடித்த அடி முதுகில் நின்றது. பயம் மனசில் நின்றது. அப்புறம் ஸ்ரீரங்கத்திலேயே இருந்துக்கிட்டு, ஆடிப்பெருக்குக்குக்கூட நான் படி இறங்கினதில்லை.

ஆனால், கடல் விமான பைலட் என்ன செய்வார்? ஆழம் தெரியாத தண்ணியில் அவர் காலை விட்டே ஆகணும். அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். கரையை ஒட்டிப் போ. கரைதான் உயரம் சொல்லும். மூக்கை லேசாகத் தூக்கி வை. இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, நிமிஷத்துக்கு சுமார் 150 அடி வீதம் இறங்கு. அப்புறம் எதையும் மாற்றாதே. காத்திரு. தண்ணி தானாக வந்து மிதவையைத் தொடும். தொட்ட பிறகு த்ராட்டிலைக் குறை.

இது ஏதோ வெளிநாட்டு சமாசாரம்னு நினைக்காதீங்க. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் இறங்கி ஏறியிருக்கின்றன. 2024 நவம்பரில் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டி அணையில்கூட ஒரு கடல் விமானத்தை இறக்கிச் சோதித்துப் பார்த்தார்கள்.

பதினேழாவது தடவை. கையைக் கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்து விநாடி... இருபது விநாடி... ‘இன்னும் இல்லையா’ என்று விரல் துடித்தது. அமுக்கவில்லை. சர்ர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இறங்கிட்டேன்! “மணி ரெண்டாச்சு, என்னடா சிரிப்பு?” என்று அம்மா கதவைத் தட்டினாங்க.

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள், கூட்டம் வடிந்த அம்மா மண்டபம் படித்துறைக்கு அம்மாவோடு போனேன். கைப்பிடிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, காலால் துழாவி, படி இருக்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த காலை வைத்தேன். நாலாவது படியில் முழங்கால் வரை தண்ணி. நின்னுட்டேன். அன்னிக்கு அது போதும். அம்மா ஒண்ணும் சொல்லலை, என் சட்டையை மட்டும் பின்னாலிருந்து பிடிச்சுக்கிட்டாங்க.

கொள்ளிடத்துப் பள்ளத்தில் இப்பவும் இறங்க மாட்டேன். அங்கே அம்மா சொன்ன பழமொழிதான் சரி. ஆனால் கேம்பஸ் இன்டர்வியூ, அரியர் பேப்பர், சொல்லாத காதல் என்று இறங்கியே ஆக வேண்டிய தண்ணியும் இருக்கே... உங்களுடையது எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். கரையை விடாதீங்க, மூக்கைத் தூக்கி வைங்க, மெதுவா இறங்குங்க பாஸ்!