காலில் கட்டிய சீட்டு

1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார் என்று பெருமைப்படுகிறோம். அதன் பறவைச் சேகரிப்பைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

பாடம் செய்த பறவையின் உள்ளங்கால் தோலில் கடுகளவு போதும், டீ.என்.ஏ. எடுக்கலாம். 2003இல் போல் ஹெபர்ட் முன்வைத்த முறைப்படி, ஏறத்தாழ 650 எழுத்துக்கள் கொண்ட மரபணுத் துண்டொன்றை ஒப்பிட்டு, இனத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். ஆனால் எந்த ஊரில், எந்த ஆண்டில் பிடிபட்டது என்பதைக் காலில் கட்டிய சீட்டுத்தான் சொல்லும். சீட்டுத் தொலைந்தால் பறவை பாதி ஊமை.

வெள்ளவத்தையில் என்னிடம் ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள். சாயலே சொல்லும், எங்கள் குடும்பத்தார்தான். யார், எந்த வருடம்? பின்புறம் வெறுமை. கொட்டாஞ்சேனை மாமிக்கு 90 வயது. இந்தக் கிழமையே பேனையோடு போகவேண்டும்.