தட்டை மாற்றிப் பார்

2024 தை மாதம் என் மளிகைக் கடையை மூடினேன். பனமலையில் 42 வருஷம் நடந்த கடை. அதற்கு முன் 12 வருஷம் மரக்காணத்தில் ஒருவரிடம் கடைப் பையனாக இருந்தேன். 14 வயதில் தராசைத் தொட்ட கை 68இல் ஓய்ந்தது. முழங்கால் முன்போல நிற்க விடவில்லை, மகனுக்கும் இந்தத் தொழிலில் விருப்பமில்லை. அதில் எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. மனக்குறை வேறு.

மாசியில் சென்னையிலிருந்து நான்கு பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலைமேல் இருக்கும் தாளகிரீசுவரர் கோயிலுக்காக வருவார்கள். காஞ்சி கைலாசநாதரைக் கட்டிய இராசசிம்ம பல்லவன் கட்டியது. அங்கே சுவரில் பார்வதி ஓவியம் ஒன்று மிச்சம் இருக்கிறது, ஏறக்குறைய 1,300 வருஷம் தாங்கிய வண்ணம். அதைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் என் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள். அடுத்து எங்கே என்றேன். மரக்காணம் போகிறார்களாம். கடலோரச் சின்ன ஊர்களில் இருக்கும் பழைய கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுக்கிறார்களாம். "நான் தொழில் படிச்ச ஊர் அது" என்றேன். "அப்ப நீங்களும் வாங்க ஐயா" என்று காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

திண்டிவனம் தாண்டிக் கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு ஏறுவது என் தோலுக்கு இன்னும் தெரிகிறது. மரக்காணம் உப்பளத்துக்கும் மீனுக்கும் பேர்போன ஊர். பக்கிங்காம் கால்வாய் அங்கேதான் முடிகிறது. உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போனதைத் தன் சிறுவயதில் பார்த்ததாக என் முதலாளி சொல்வார்.

பிள்ளைகள் கடைத்தெருவில் பெயர்ப்பலகையைப் படம் எடுத்தார்கள், மரக்கதவை எடுத்தார்கள், கண்ணாடி ஜாடியை எடுத்தார்கள். வலைக்கடைக்காரர் கண்ணியில் விரலை நுழைத்து, இத்தனை விரல் கண்ணி, இன்ன மீனுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விரலை ஒருவரும் பார்க்கவில்லை. கருவாடு விற்ற அம்மா ஒரு வாளையை எடுத்து வயிற்றுப் பக்கம் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஒரு வெயில் காயணும், வேற எடுத்துக்கோ" என்று வந்தவரிடம் சொன்னார். கையில் வந்த காசை வேண்டாம் என்று சொல்ல எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும்! அதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

கடைசியாகப் போனது புதிதாகத் திறந்த ஒரு காப்பிக் கடை. வாசலில் அலங்காரமாக ஒரு பித்தளைத் தட்டுத் தராசு தொங்கியது. ஒரு தட்டில் பூச்செடி, இன்னொரு தட்டில் கூழாங்கல். கோலை நடுவில் தாங்கி அசையவிடும் கத்தி துருவேறி இறுகி, முள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நான் அதைத் தொட்டு அசைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகளில் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: "இதுல கத்துக்க என்னய்யா இருக்கு? எடுத்து நிறுத்துக் கொடுக்கிறதுதானே?"

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

1970இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மெட்ரிக் எடை கட்டாயமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. கடையில் இருந்தவை கிலோ கற்கள். ஆனால் குப்பத்திலிருந்து வரும் ஆயாக்களின் வாயில் வீசையும் பலமும்தான். "தம்பி, அரைக்கால் வீசை சக்கர குடு." வீசைக்கு 40 பலம், பலத்துக்கு 35 கிராம். அரைக்கால் வீசை என்றால் 5 பலம், 175 கிராம். 100, 50, 20, 5 ஆக நான்கு கல் தட்டில் விழ வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் இதைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு யாருக்கும் வரும் என்பது அவர் எண்ணம்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் தராசு. காலையில் கடை திறந்ததும் வெறும் தட்டில் முள்ளைப் பார்ப்பேன். நேராக நின்றால் வேலையைத் தொடங்கிவிடுவேன். மூன்றாம் நாள் அவர் என் காதைப் பிடித்தார். "வெறுந்தட்டு எல்லாருக்கும் நல்லவன்டா. தட்டை மாத்திப் பாரு."

கல்லை ஒரு தட்டிலும் பருப்பை ஒரு தட்டிலும் போட்டு முள்ளை நிறுத்த வேண்டும். பிறகு கல்லைப் பருப்பின் தட்டுக்கும் பருப்பைக் கல்லின் தட்டுக்கும் மாற்ற வேண்டும். அப்போதும் முள் நேராக நின்றால்தான் அது தராசு. கோலின் ஒரு கை நூலளவு நீண்டிருந்தாலும் பாசங்கு என்னும் சமன் எடையைக் கட்டி வெறுந்தட்டைச் சமமாக்கிவிடலாம். பார்க்கிறவருக்குக் குறை தெரியாது. ஆனால் சரக்கு ஏற ஏறப் பொய்யும் கூடவே ஏறும். 100 கிராமில் கடுகளவு பொய், 5 கிலோவில் ஒரு பிடி அரிசி. அந்த ஊரில் உப்புக் காற்று கத்தியை அரித்துக்கொண்டே இருக்கும், அதனால் தினமும் மாற்றிப் பார்த்தோம். இரும்புக் கல்லும் துரு உதிர உதிர இளைக்கும். இளைத்த கல்லால் கடைக்காரனுக்கு நஷ்டமில்லை, வாங்குகிறவருக்குத்தான். முத்திரை ஆய்வாளர் கல்லுக்கு முத்திரை வைப்பது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. அதற்கு இடையில் உள்ள எழுநூறு நாளுக்கு யார் ஆய்வாளர்? நாம்தான் என்பார் முதலாளி. சரக்குத் தட்டில் தாள் போட்டால் கல் தட்டிலும் அதே அளவு தாள் விழ வேண்டும். தாளைப் பருப்பு விலைக்கு விற்கக் கூடாது.

இரண்டாவது பாடம் பொட்டலம். என்னை அழ வைத்தது அதுதான்.

செய்தித்தாளில் அரைத் தாள். ஒரு மூலையை இடது கட்டைவிரலின் கீழ் அழுத்தி, வலது கையால் சுற்றினால் கூம்பு வரும். கூர்முனையை ஒரு மடி மேலே மடித்துவிட வேண்டும், இல்லையென்றால் சரக்கு முதலில் ஒழுகுவது அங்கேதான். போட்டபின் பலகையில் இரண்டு தட்டு தட்டி இறுக்கி, வாயை மூன்று மடிப்பாக உள்ளே செருக வேண்டும். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துக் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று. நூல்மேல் நூலைப் போட்டுச் சுண்டினால் கத்தரிக்கோல் இல்லாமல் அறும். சர்க்கரை வந்துவிட்டது. ரவை வந்துவிட்டது. கடுகு வரவில்லை. கடுகுக்கு ஊசிமுனை வழி போதும்.

முதலாளி நான் கட்டிய கடுகுப் பொட்டலத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தரையில் விடுவார். பிரிந்தால் நான் பொறுக்க வேண்டும். தூசி, உமி, கல் நீக்கி, முறத்தில் புடைத்து, மறுபடி மடித்த பிறகுதான் மத்தியானச் சாப்பாடு. நாலு மாதம் பொறுக்கினேன். ஒருநாள் கோபம் வந்து, "யார் மொதலாளி பொட்டலத்தைக் கீழே போடப்போறாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் வாசலைக் காட்டினார். ஓர் அம்மா இடுப்பில் பிள்ளை, தலையில் கூடை, மடியில் எங்கள் பொட்டலம் என்று மணலில் குப்பத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். "அது வூட்டுக்குப் போய்ச் சேரணும்டா. வழியில கொட்டினா நீ நிறுத்த எடை பொய்." அந்த வாரமே எனக்குக் கடுகு வந்துவிட்டது. விரல் திருந்தவில்லை, புத்தி திருந்தியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவதை அவர் வாயால் சொல்லவே இல்லை, பார்த்துத்தான் கற்றேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் உப்பளத்தில் வேலை கிடையாது, கடலிலும் வலை இறங்காது. தை, மாசியில் பாத்தியில் உப்பு விளைந்தால்தான் கையில் காசு. அதுவரை இரண்டு மூன்று மாதம் ஊரே கடைக் கணக்கில்தான் சாப்பிடும். கடனுக்கு வருகிறவர் பத்துப் பேர் நடுவில் வாய்திறக்கக் கூசி ஓரமாக நிற்பார். முதலாளி என்னைப் பார்த்துச் சத்தமாக, "டேய், இவங்க நேத்து வெச்சிட்டுப்போன சாமானை எடுத்துக் குடு" என்பார். நேற்று ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள். நான் அரிசி, பருப்பு, புளி கட்டிக் கொடுப்பேன். கூட்டம் போனபின் பேரேட்டில் எழுதுவார். அந்த வீட்டுக்கு எத்தனை வாய், என்ன புளி பிடிக்கும், யாருக்குப் பிள்ளைப்பேறு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேரேட்டில் இருந்தது தொகை மட்டும்தான்.

இந்த மூன்றையும் பனமலைக்குக் கொண்டுவந்தேன். இங்கே கடலுக்குப் பதில் ஏரி. ஏரி நிரம்பாத வருஷம் என் பேரேடு தடித்துவிடும்.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். இனிப் பொட்டலம் திரும்பும் என்று நம்பினேன். செய்தித்தாள் மை ஆகாது என்றார்கள், நியாயம்தான். பழுப்புத் தாள் வாங்கி வைத்தேன். சுற்றுவட்டாரத்தில் இளம் கடைக்காரர்கள் சிலரை அழைத்து மடிக்கக் கற்றுத்தருகிறேன் என்றேன். ஒரே ஒருவர் வந்தார், அவரும் இரண்டாம் நாள் வரவில்லை. "கம்பெனியே பாக்கெட் போட்டுத் தருதே, நமக்கு எதுக்கு மாமா இந்த வேலை" என்றார்.

கம்பெனிதான் தருகிறது. விலை ஏறாமல் உள்ளே இருக்கும் எடை மட்டும் இளைப்பதை எத்தனை பேர் பார்க்கிறார்கள்? மின்னணுத் தராசு நல்ல கருவி, நானும் கடைசிப் பத்து வருஷம் வைத்திருந்தேன். அதில் பையின் எடையைக் கழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துகிற கடைக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. கொசுறு போய்விட்டது, ஏனென்றால் முள்ளில்லாத தராசில் கொசுறு போடுகிறவர் மனசு தெரிவதில்லை. மூணு பதினைந்து எவ்வளவு என்பதற்குச் செல்பேசியை எடுக்கிறார்கள். துவரம் பருப்பு மூட்டையில் கையை விட்டுச் சூட்டைப் பார்ப்பவர், மிளகாயை ஒடித்துச் சத்தம் கேட்டு வாங்குபவர் இன்று எத்தனை பேர்? சரக்கையே தொடாமல் ஒருவர் மளிகைக் கடைக்காரராக இருந்துவிட முடிகிறது. இது தொழில் வளர்ந்ததற்கு அடையாளம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. கடைகளைத் தேடி அவ்வளவு தூரம் வருகிறார்களே, அதுவே பெரிது. மலைமேல் ஓவியத்தின் முன் அரைமணி நேரம் நின்று கோட்டையும் வண்ணத்தையும் பார்த்தவர்கள், கடைத்தெருவிலும் அதேபோல் நின்றிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

சின்ன ஊர்க் கடைத்தெருவுக்குப் போனால் பலகையைப் பார்த்தது போதும், கையைப் பாருங்கள். கால் கிலோ கடுகு கேளுங்கள், தாளில் மடித்துத் தரச் சொல்லுங்கள். வாங்கிய பொட்டலம் பிரியாமல் வீடு வந்து சேர்ந்தால், அந்தக் கடைக்கு மறுபடியும் போங்கள். உங்கள் படத்தைவிட அந்தக் கடைக்கு உங்கள் மாதச் சாமான்தான் தேவை.