அந்த வெள்ளை விரிப்பு என் கைவேலை அல்ல

குரோஷா ஊசி பிடித்துப் பழகியவர்களுக்கு அதன் சுகத்தை விளக்க வேண்டியதில்லை. பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூலை இடக்கை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு முதல் முடிச்சைப் போட்டு, சங்கிலி பின்னத் தொடங்கினால், அரைமணி நேரத்தில் மூச்சே ஊசியின் வேகத்துக்கு வந்துவிடும். ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. தப்பாகிவிட்டால் நூலை இழுத்தால் போதும். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அவிழும், நூல் வீணாகாது. இரவு எல்லாரும் தூங்கின பிறகு, விளக்கடியில் உட்கார்ந்து கடைசி வரிசையை முடித்து, போர்வையை மடியில் விரித்துப் பார்க்கும்போது வருகிற நிறைவை எனக்கு வேறு எந்த வேலையும் கொடுத்ததில்லை.

எங்கள் செகந்திராபாதில் இதற்கு வசதியும் உண்டு. ஜெனரல் பஜார் சந்துகளில் துணி, லேஸ், பொத்தான், எம்பிராய்டரி நூல் என்று கைவேலைக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். கம்பளி நூல் உருண்டைகளை நிறம் நிறமாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதிலேயே ஒரு மாலை போய்விடும். தேவையும் உண்டு. டிசம்பர் கடைசியில் இங்கே விடியற்காலைக் குளிர் நன்றாக உறைக்கும். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள் இரண்டாம் நாளே போர்வை கேட்பார்கள். சின்னச் சின்னச் சதுரங்களாகப் பின்னி ஒன்றோடு ஒன்று சேர்க்கும் கம்பளிப் போர்வைகளை அப்படித்தான் நிறையப் பின்னினேன். உறவில் பிறந்த குழந்தைகளுக்கு ஒன்று, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் என் பெயரோடு குரோஷாவும் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரப்போவதற்கு அது முக்கியம். குரோஷாவைப் பின்ன ஆலைகளில் இயந்திரம் கிடையாது. ஸ்வெட்டர் பின்னும் இயந்திரத்தில் ஊசிகள் வரிசையாக நின்று கண்ணிகளை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போகும். குரோஷாவிலோ ஊசி எந்தக் கண்ணிக்குள்ளும் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையலாம். எங்கே நுழைவது என்பதை ஒவ்வொரு தடவையும் கை தீர்மானிக்கிறது. அதைப் போலத் தோற்றம் தரும் துணியை ஆலையில் நெய்துவிட முடியும். அசல் குரோஷா என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பின்னியதுதான். அதன் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், இன்னொருவர் கைவேலையை என்னுடையது என்று சொன்னேன்.

மகன் கல்யாணம் நிச்சயமானபோது, மருமகளுக்கு என் கையால் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு பின்னித் தருவதாகச் சம்பந்தி வீட்டில் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தேன். மெல்லிய பருத்தி நூல், அதற்கேற்ற மெல்லிய எஃகு ஊசி, பூப்பூவாகப் பின்னி இணைக்கும் வேலை. தொடங்கவும் செய்தேன். பருத்தி நூல் வேலை கம்பளி போல வளராது. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கையளவுதான் தேறும். சலிப்புத் தட்டியது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி கலர் கம்பளிச் சதுரங்களுக்குப் போய்விட்டேன். கண் சரியில்லை, மணிக்கட்டு வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சுகமான வேலை பக்கத்தில் இருந்தது, கடினமான வேலையைத் தள்ளிப் போட்டேன். நடந்தது அவ்வளவுதான்.

தை மாதக் கல்யாணம். ஜனவரியில் நாம்பள்ளி மைதானத்தில் நுமாயிஷ் நடந்துகொண்டிருந்தது. 1938-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சிக்குப் போகாத ஹைதராபாத் குடும்பம் அபூர்வம். அங்கே ஒரு கடையில் நரசாபுரம் லேஸ் விரிப்புகள் அடுக்கியிருந்தார்கள். மெதக் பக்கமும் ஒரு நரசாபூர் உண்டு. நான் சொல்வது மேற்கு கோதாவரி மாவட்டத்தில், கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது. கடையின் மூலையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். கையைப் பார்க்காமலே பின்னினார். அந்த வேகமும் ஒழுங்கும் எனக்கு என்றைக்கும் வராது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

நான் செய்ய நினைத்ததைப் போலவே ஒரு வெள்ளை விரிப்பு இருந்தது. கடைக்காரர் விலை சொன்னார். பேரம் பேசினேன். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுத்தான் வாங்கினேன். அப்படி ஒரு விரிப்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று அந்தக் கடை வாசலில் நின்றிருந்த கூட்டத்தில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி போக அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டேன். விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்தி அம்மா அதை விரித்து எல்லாருக்கும் காட்டினார். “உங்க மாமியார் கை தங்கக் கை” என்று மருமகளிடம் பெரியவர் ஒருவர் சொன்னார். நான் சிரித்தேன். மறுக்கவில்லை. “எவ்வளவு நாள் ஆச்சு?” என்று ஒருவர் கேட்டதற்கு, “ஆறு மாசம் இருக்கும்” என்றேன்.

அதோடு முடியவில்லை. உறவில் ஒரு பெண், கல்லூரி முதல் வருஷம் படிப்பவள், ஊசியும் நூலுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். “ஆன்ட்டி, அந்த வெள்ளைப் பூ டிசைனை எனக்குச் சொல்லித் தர்றீங்களா?” என்றாள். எனக்கு அது தெரியாது. மறந்துவிட்டது, கண்ணும் முன்னைப் போல இல்லை என்று சொல்லி அனுப்பினேன். கற்றுக்கொள்ள வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பியது, கல்யாண வீட்டில் சொன்ன பொய்யைவிட என்னை அதிகம் வருத்தியது. கைவேலையின் உயிரே ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கற்பதில்தான் இருக்கிறது. நானும் அப்படிக் கற்றவள்தான்.

அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போனபோது, அந்த டிசைனையாவது படித்துக்கொள்ளலாம் என்று பூதக்கண்ணாடியும் கையுமாக விரிப்பின் முன் உட்கார்ந்தேன். கண்ணிகளை எண்ணத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒன்று புலப்பட்டது. எல்லாப் பூக்களும் ஒரே கை அல்ல. சில பூக்களில் நூல் இறுக்கமாக இழுக்கப்பட்டு இதழ் விறைப்பாக நின்றது. சிலவற்றில் கண்ணி தளர்வாக, இதழ் கொஞ்சம் அகன்றிருந்தது. பூக்களை இணைத்த கண்ணிகள் மூன்றாவது ஒரு கையுடையவை. நூலை இழுக்கும் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். பின்னுகிறவர்கள் அதைக் கையெழுத்தைப் போல அடையாளம் கண்டுகொள்வோம். குறைந்தது மூன்று பெண்கள் அந்தத் துணியில் இருந்தார்கள். அவர்களை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் நரசாபுரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கோதாவரிக் கரைக்குக் கொண்டுவந்த வேலை இது. அதே நூற்றாண்டில், 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், அயர்லாந்துப் பெண்கள் குரோஷா லேஸ் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நம் நாகர்கோவிலில் 1820-களிலேயே மிஷனரி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல, சிறு கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னும் வகை. அந்தச் சம்பாத்தியத்தில் அடிமைத்தளையிலிருந்து தங்களை விடுவித்துக்கொண்ட பெண்கள் உண்டு. நான் பொழுதுபோக்காகப் பிடித்த ஊசி எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்த ஊசி.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாபுரம் லேஸ் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982-இல் வந்தது. வீட்டு வேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தினமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னிய பெண்கள் அவர்கள். தரகர் நூல் கொடுப்பார், பின்னியதை வாங்கிப் போவார், துண்டுக் கணக்கில் கூலி. பூப் பின்னுபவர் ஒருவர், இணைப்பவர் இன்னொருவர். துணி கடல் தாண்டிப் போகும். விற்றுச் செழித்தவர்கள் வியாபாரிகள். இந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்றே யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள் என்று சொல்லியே கூலியைக் குறைவாக வைத்தார்கள். அந்தப் பக்கங்களைப் படித்தபோது கூசிப்போனேன். எனக்கு உண்மையிலேயே ஓய்வு நேரம் இருந்தது. அதை நான் கலர் சதுரங்களில் செலவழித்தேன். அவர்களுடைய வேலை நேரத்தைப் பேரம் பேசி வாங்கி, என் ஓய்வு நேரத்தின் விளைச்சல் என்று காட்டினேன்.

பெயர் சேர்ந்தே இருக்கும் கைவேலையையும் நான் அறிவேன். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவின் பெண்கள், 2016 ஜனவரி 31 அன்று, 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் பின்னியது, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய துண்டு. நரசாபுரத்துப் பெண்களுக்கு அந்த மரியாதை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 2024-இல் அவர்கள் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. பின்னியவளுக்கு இன்னும் வரவில்லை.

மருமகளிடம் போன மாதம் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை, நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?” என்றாள். உண்மைதான். அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். என் பெயருக்காகத்தான் மறைத்தேன். அந்தக் கல்லூரிப் பெண்ணையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சதுரத்தை இப்போது அவளுக்குக் கற்றுத் தருகிறேன்.

அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். அன்று நீங்கள் தொட்டுப் பார்த்துப் பாராட்டிய விரிப்பை நான் பின்னவில்லை. இனி யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், நரசாபுரம் பக்கத்துப் பெண்கள் மூன்று பேராவது சேர்ந்து பின்னியது என்று சொல்லுங்கள். நுமாயிஷ் வழக்கமாக ஜனவரி 1 முதல் பிப்ரவரி 15 வரை நடக்கும். லேஸ் கடைக்குப் போனால் பின்னியவர் யார், அவருக்கு என்ன கூலி என்று கேளுங்கள். தயவுசெய்து விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.