கூண்டுக்குக் கீழே ஒரு தோட்டம்

காலை ஆறரை மணிக்குப் பெடாஸில் இன்னும் விடிந்திருக்கவில்லை. சிரம்பானிலிருந்து தம்பின் போகும் பழைய சாலையில் வந்து, செம்பனைக் காடுகளுக்கு நடுவே திரும்பி, அந்தத் தாமான் குடியிருப்பைத் தேடிப் பிடித்தேன். வெந்நீர் ஊற்றுக்காகப் பலர் வரும் ஊர் இது. நான் வந்தது ஒரு மலிவுவிலை வீட்டின் கொல்லையைப் பார்க்க.

"சத்தம் போடாம வாங்க தம்பி. நேத்து ராத்திரிதான் குட்டி போட்டுச்சு."

அந்த வீட்டு அக்கா டார்ச் விளக்கைத் துணியால் பாதி மூடிப் பிடித்திருந்தார். மரப்பெட்டி நிறைய வெள்ளை ரோமம். தாய் முயல் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிப் பரப்பியது. அந்த ரோமம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. பெட்டியில் கிடந்த வைக்கோலில் கையைத் தேய்த்துக்கொண்டு, அக்கா மெல்ல ரோமத்தை விலக்கினார். கண் திறக்காத, மயிர் முளைக்காத, விரல் நீளக் குட்டிகள் ஏழு. ஒவ்வொன்றாக எடுத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வயிறு கும்முனு இருந்தா பால் குடிச்சிருக்குன்னு அர்த்தம். சுருங்கிக் கிடந்தாதான் பயப்படணும்."

தாய் முயல் நாளுக்கு ஒரு முறைதான் பால் கொடுக்கும், அதுவும் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காது. பழக்கமில்லாதவர்கள் தாய் குட்டிகளைக் கைவிட்டதாக நினைத்துப் பதறிவிடுவார்கள். அக்கா பதறுவதில்லை. அவர் வயிற்றைத்தான் நம்புகிறார்.

அவர் பிறந்தது பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில். அப்பா அம்மாவுக்குப் பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. அந்த நாட்களில் வீட்டைக் காப்பாற்றியது லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த மாடும் நாலு கோழியும் கீரைப்பாத்தியும்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயம் இடிபட்டது. குடும்பம் தாமானுக்கு வந்தது. இங்கே மாட்டுக்கு இடமில்லை. ஆடு கத்தும், சேவல் கூவும், அக்கம்பக்கம் பொறுக்காது. முயல் கத்தாது. இரண்டு கட்டில் அகலம் இருந்தால் அதற்குப் போதும்.

ஆனால் முதல் முயற்சி கை கொடுக்கவில்லை. பலகை அடித்த பெட்டியைத் தரையிலேயே வைத்திருந்தார்கள். மூத்திரமும் புழுக்கையும் சேர்ந்து ஊறின. பால்குடி மறந்த குட்டிகள் வயிறு ஊதி, கழிந்து, ஒரே வாரத்தில் செத்துப்போயின. ரத்தக்கழிச்சல் நோய் புழுக்கையின் வழியாகத்தான் பரவும். அதைச் சொல்லும்போது இப்போதும் அக்காவின் குரல் தணிகிறது.

அதன் பிறகு அந்த வீட்டு அண்ணன் கூண்டை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அடியில் கம்பி வலை அடித்தார். புழுக்கை கூண்டில் தங்காமல் கீழே விழுந்தது. நோய் அடங்கியது. கீழே குவிந்த புழுக்கையை அக்கா மிளகாய்ச் செடிக்குப் போட்டுப் பார்த்தார். முயலைக் காப்பாற்றிய அதே கம்பி வலைதான் செடிக்கும் சோறு போட ஆரம்பித்தது. வலையில் நின்று நின்று பாதம் புண்ணாகாமலிருக்க, ஒவ்வொரு கூண்டிலும் உட்கார ஒரு பலகைத் துண்டு கிடக்கிறது. அதைத் தினமும் எடுத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள்.

புழுக்கையை என் கையில் கொட்டினார். பட்டாணி அளவு. உலர்ந்து, உடைத்தால் தூள் தூளான புல். நாற்றமே இல்லை. கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும், மக்க வைக்க வேண்டும். முயல் புழுக்கைக்கு அந்தச் சூடு கிடையாது. வேரோரம் அப்படியே தூவலாம். தழைச்சத்து நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கிறது. மெல்லக் கரைந்து மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. மூத்திரத்தைத் தனியே வாளியில் பிடித்து, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு ஊற்றுகிறார். கூண்டு நிழலில் குவியலைக் கிளறினேன். கொத்துக்கொத்தாக மண்புழு.

மண் கொடுப்பதை முயலும் தின்கிறது. வள்ளிக்கிழங்குக் கொடி, சாலையோரப் புல், வாழையிலை, கொஞ்சம் வாங்கிய தீவனம். எதையும் ஈரத்தோடு போடுவதில்லை. மரவள்ளி இலையில் விஷம் இருப்பதால் நன்றாக வாடவிட்டுத்தான் அளவாகப் போடுகிறார். பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) தழையை முயல் ஆசையாகத் தின்னும். அதிகமானால் ரோமம் கொட்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்ற கை அது.

வெயில்தான் இங்கே பெரிய எதிரி. தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சிக்குக் கொடைக்கானல் மலையின் மன்னவனூரைத் தேர்ந்தெடுத்தார்கள், அங்கே குளிர் உண்டு. பெடாஸில் மதியம் முப்பது டிகிரியைத் தாண்டிவிடுகிறது. முயலுக்கு நம்மைப்போல் வேர்க்காது. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். வெக்கை நீடித்தால் ஆண் முயல் இருந்தும் சினை பிடிக்காது. பதினொரு மணிக்கு அக்கா குளிர்பெட்டியிலிருந்து உறைந்த தண்ணீர் போத்தல்களைக் கொண்டுவந்து கூண்டுக்கு ஒன்றாக வைத்தார். ஒரு முயல் உடனே நகர்ந்து வந்து, போத்தல்மேல் காதைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

மாலையில் அண்ணன் ஒரு முயலை எடுத்தார். மூன்றரை மாதம், இரண்டு கிலோ. காலையிலிருந்து அதற்குத் தீனி இல்லை, தண்ணீர் மட்டும். மற்ற கூண்டுகளின் கண்ணில் படாத சுவரோரம் கொண்டுபோய், மடியில் வைத்து அது அடங்கும்வரை தடவிக்கொடுத்தார். "மிரண்ட உயிரை வெட்டக் கூடாது தம்பி. அதுக்கும் பாவம், கறியும் கெடும்." கத்தி முன்பே தீட்டப்பட்டிருந்தது. நொடியில் முடிந்தது. ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கறி. கொழுப்பு இல்லாத வெள்ளைக் கறி என்பதால் தீ அதிகமானால் வறண்டுவிடும். அக்கா சின்னத் தீயில் வேகவைத்து, இறக்கும் முன் மிளகு போட்டுப் பிரட்டினார். கூடவே கொல்லைப் பாத்தியின் முளைக்கீரை.

கடையில் பொட்டலமாக வாங்கும் கறிக்குப் பின்னால் யாருடைய கையும் தெரிவதில்லை. இங்கே குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்த வீடே கத்தியையும் எடுக்கிறது. அந்தப் பொறுப்பை அவர்கள் வேறு யாரிடமும் தள்ளவில்லை. அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

புறப்படும்போது அக்கா பள்ளி நோட்டு ஒன்றைக் காட்டினார். கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தார். எந்த முயலை எந்தத் தேதியில் ஆணோடு சேர்த்தது, குட்டி போடவேண்டிய முப்பத்தொன்றாம் நாள் எப்போது, ஈன்றது எத்தனை, நின்றது எத்தனை. கடைசிக் கட்டத்தில், எந்தப் பாத்திக்கு எத்தனை வாளி எரு.

"தோட்டத்துல கூலிக் கணக்கு எழுதுற செக்ரோல் இப்படித்தான் இருக்கும். கிராணி எழுதுவாரு. நம்ம பேருக்கு நேரா என்ன எழுதியிருக்காருன்னு நமக்குத் தெரியாது."

அன்றைய கட்டத்தில் ஏழு என்று எழுதி, பேனாவை மூடி, நோட்டை விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.