ஒரு பல்லுத் தள்ளி

பெரியப்பாவின் சிந்தசைசர் எங்கட கைக்கு வந்தபோது 22 குமிழ் இருக்கவேண்டிய இடத்தில் 19தான் இருந்தது. இரண்டு இடத்தில் வெறும் தண்டு. ஒன்றில் பற்பசை மூடி.

அவர் எங்களில் ஒருத்தியின்ர பெரியப்பா. பிறகு எங்கள் எல்லாருக்குமே பெரியப்பா. எண்பதுகளில் கோயில் திருவிழா, கலியாணவீடு என்று இசைக்குழுவில் வாசித்தவர். "சும்மா கிடக்குது, கொண்டுபோங்கோ" என்று தந்துவிட்டார். நாங்கள் செய்த முதல் வேலை, ரேடியோ திருத்துற கடையில் ஒரே மாதிரி 22 புதுக் குமிழ் வாங்கினது.

கழட்டுறது லேசு என்று நினைத்தோம். ஸ்குரூட்ரைவரால் நெம்பியதில் முன்பலகையில் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். அப்படி நெம்பினால் தண்டு சரிந்து, உள்ளே ஈயப்பற்று விட்டுப்போகும். பிறகுதான் சப்பாத்து லேஸைக் குமிழுக்குக் கீழே சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து நேர் மேலே இழுத்தோம். 'டொக்' என்று வந்தது. சிலதில் பக்கத்தில் குட்டி ஸ்குரூ இருக்கும். அதைக் காணாமல் இழுத்தால் கதை முடிஞ்சுது.

பலகையில் குமிழ்களைச் சுற்றிச் சிவப்புக் கியூடெக்ஸ் பொட்டுகள். யாரோ சின்னப்பிள்ளை விளையாடினது என்று நினைத்தோம். நல்லகாலம், துடைக்கேல்லை.

ஒரு பின்னேரம் பெரியப்பா வந்தார். புதுக் குமிழ்களைப் பார்த்து "வடிவா இருக்கு" என்றார். பிறகு ஒவ்வொரு குமிழையும் அந்தப் பொட்டுக்கு நேரே திருப்பிவிட்டு ஒரு கட்டையை அமத்தினார். மூக்கடைச்ச நுளம்பு மாதிரி ஒரு சத்தம். அவர் கையை எடுத்துவிட்டார்.

"இது நாதஸ்வரமடா" என்றார், எங்களைப் பாராமல்.

அப்போதுதான் விளங்கினது. 1978இல் வந்த புரொஃபெட்-5 போன்றவைதான் ஒலி அமைப்பைத் தாங்களே ஞாபகம் வைத்திருக்கும். 1970இல் வந்த மினிமூக் மாதிரி, இந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. குமிழ்கள் நிற்கிற இடம்தான் அதன்ர ஞாபகம். அந்தச் சிவப்புப் பொட்டுகள் பெரியப்பா எழுதிவைத்த நாதஸ்வரம்.

பிழை எங்கள் பக்கம். தண்டு 'D' வடிவில் வெட்டியிருந்தால் குமிழ் ஒரே ஒரு விதமாகத்தான் ஏறும். எங்கட பெட்டியில் இருந்தது பல்லுத் தண்டு, 18 பல்லு. ஒரு பல்லுத் தள்ளிப் போட்டால் குமிழின் கோடு 20 பாகை பொய் சொல்லும். நாங்கள் கண்ட கண்டபடி குத்தியிருந்தோம். எல்லாத்தையும் திரும்பக் கழட்டி, தண்டை இடப்பக்கம் முட்டுமட்டும் திருப்பி, கோடு பூச்சியத்தில் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டோம். முக்கால்வாசி நாதஸ்வரம் வந்தது. முழுக்க வரவில்லை.

"கட்டோஃபில ஒரு ரேடியோ நொப் கிடந்ததே, எங்க?"

நெஸ்டோமோல்ட் ரின்னுக்குள் கிடந்தது. ஒரு கச்சேரியில் அசல் குமிழ் விழுந்து துலைய, அகப்பட்ட ரேடியோ குமிழை அவசரத்தில் கோணலாகக் குத்தியிருக்கிறார். பொட்டு வைத்தது அதுக்குப் பிறகுதானாம். அப்ப, அந்தப் பொட்டுக்கு அந்தக் கோணல்தான் சரி.

எந்தப் பக்கம் கோணல் என்பது அவருக்கும் மறந்துபோய்விட்டது. ஒரு பல்லு வலப்பக்கம் தள்ளிப் போட்டோம். அவர் வாசித்தார், தலையை ஆட்டினார், இல்லை. இன்னொரு பல்லு. இல்லை. திரும்ப நேராக்கி, இடப்பக்கம் ஒரு பல்லு.

கட்டையில் இருந்து அவர் விரலை எடுக்கவே இல்லை. குசினியில் இருந்து பெரியம்மா வாசலுக்கு வந்து நின்றா.

கனநேரம் வாசித்துவிட்டு எழும்பும்போது கேட்டார்: "அந்தப் பற்பசை மூடியையும் எறிஞ்சுபோட்டியளோ?"

"இல்லைப் பெரியப்பா, ரின்னுக்குள்ள இருக்கு."