பன்னிரண்டு பாகை

பியர் என்னும் சொல்லை ஞாயிறு இதழின் குடும்பப் பகுதியிற் கண்டு முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் பொருட்டு ஒன்றை முதலிலேயே கூறிவிடுகின்றோம். நாம் மதுவருந்தும் வழக்கமுடையேம் அல்லேம். பிறரை அருந்தத் தூண்டுவதும் எமது நோக்கமன்று. கல்லூரியிற் பௌதிகம் கற்பித்தல் எமது தொழில். வெப்பம் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்திவரும் எமக்கு, அப்பாடத்துக்கேற்ற மிக நல்ல செய்முறை விளக்கம் இங்கிலாந்திலுள்ள மதுச்சாலை ஒன்றின் நிலவறையிற் கிடைத்தது. அதனைக் காட்டியவன் அங்கே வேலை செய்யும் எமது தம்பி. ஆதலின் இக்கட்டுரை பாதி பௌதிகம், பாதி குடும்ப விடயம்.

எமது நாட்டிற் பியர் விற்போரும் வாங்குவோரும் அறிந்த விதி ஒன்றே: எவ்வளவு குளிரோ அவ்வளவு நன்று. முப்பத்திரண்டு பாகை வெயிலில் அவ்வாறு எண்ணுவது இயல்பே. (இங்கு பாகை எனக் குறிப்பன யாவும் செல்சியஸ் பாகைகள்.) ஆயினும் பியர் என்பது ஒரே பானத்தின் பெயரன்று. முளைவிட்ட பார்லியின் சாற்றோடு ஹொப்ஸ் என்னும் கொடியின் கசப்பான பூக்களைக் கொதிக்க வைத்து, ஆறியபின் மதுவம் இட்டு நொதிக்கச் செய்வன யாவும் அப்பெயர் பெறும். அவற்றுள் ஏல் எனப்படுவது இருபது பாகை அளவான வெம்மையில் விரைந்து நொதிப்பது. லாகர் எனப்படுவது பத்துப் பாகை அளவான குளிரில் மெல்ல நொதித்து, பின்னர் வாரக்கணக்காக உறைநிலைக்கு அண்மையிற் கிடந்து தெளிவது. லாகர் என்னும் ஜேர்மன் சொல்லே சேமித்து வைத்தலைக் குறிப்பதாகும். வெம்மையில் நொதித்தது பழங்களை நினைவூட்டும் மணங்களை உடன்கொண்டு வரும். குளிரில் நொதித்தது அம்மணங்கள் குறைந்து, தூயதாய் எளியதாய் நிற்கும். பருகுவதற்குரிய வெப்பநிலை இவ்வேற்றுமையினின்றே பெரிதும் பிறக்கின்றது.

வெளிறிய மெல்லிய லாகருக்கு நான்கு முதல் ஏழு பாகை வரை போதுமானது. 1842ஆம் ஆண்டில், இன்று செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில், முதன்முதல் வடிக்கப்பட்ட பொன்னிறப் பில்ஸ்னருக்கு ஏழு பாகையளவு. பவேரியரின் கோதுமைப் பியருக்கும் ஏறத்தாழ அதுவே. கறுத்த ஸ்ரவுட் வகையுள் மெல்லியதை ஆறேழு பாகையிற் கொடுப்பர். எட்டு வீதத்துக்கு மேல் மதுசாரமுடைய கனத்த ஸ்ரவுட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வேண்டும். இங்கிலாந்தின் பீப்பாய் ஏலுக்குப் பதினொன்று முதல் பதின்மூன்று. ஆங்கிலேயர் சூடான பியர் குடிப்பவர் என்று அமெரிக்கர் நகையாடுவதுண்டு. பன்னிரண்டு பாகையைச் சூடு என்பாரை மார்கழி இரவில் நுவரெலியாவிற் போர்வையின்றி நிறுத்திவைத்தல் வேண்டும்!

இவ்வெண்கள் வெறும் வழக்கத்தால் வந்தனவல்ல. மாணவர் தாமே சோதித்தறியக் கூடிய ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஐஸ்கிறீம் உருகிய பின் அதனை ஒரு கரண்டி வாயிலிட்டுப் பாருங்கள். திகட்டும் இனிப்பாக இருக்கும். அதே சீனிதான், அதே அளவுதான். குளிர் நீங்கியதொன்றே வேற்றுமை. நாவிலுள்ள சுவைக் கலங்களில் இனிப்பையும் கசப்பையும் அறிவிப்பதிற் பங்குகொள்ளும் ஒரு நுண்வாயில், வெப்பநிலை உயர உயர மிகுதியாகத் தொழிற்படும் என்பது 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியிற் காட்டப்பட்டது. மணமும் அத்தகையதே. மணந்தரும் பொருள்கள் ஆவியாகி மூக்கை அடைந்தாலன்றி மணமில்லை. குளிரில் அவை திரவத்தை விட்டு எளிதில் எழா. எனவே மூன்று பாகையிற் கொடுக்கப்படும் பியரில் நல்ல மணமும் மறைந்துவிடும், கெட்ட மணமும் மறைந்துவிடும். கடுங்குளிர் என்பதையே சிறப்பாக விளம்பரஞ் செய்து விற்கப்படும் பானங்களைக் காணும்போது, மறைப்பதற்கு அங்கே ஏதேனும் உண்டோ என்று எமக்கு ஐயம் எழுவதுண்டு.

வெப்பம் கூடினால் நன்றென்றும் கொள்ளலாகாது. சாதாரண அமுக்கத்தில், பூச்சியப் பாகையிலுள்ள நீர் தன் கனவளவைப் போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு காபனீரொட்சைட்டைக் கரைத்து வைத்திருக்கும். இருபது பாகையில் ஒரு மடங்கும் இல்லை. வாயு நீங்கிய பியர் சப்பென்றிருக்கும். அதன்மேல் மதுசாரத்தின் நெடியும் ஏறும். ஒருபுறம் வாயு, மறுபுறம் மணம். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் இடத்தில் இணக்கம் ஏற்படுகின்றது.

பருகும் இடத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சூடேறும் வேகம், பொருளுக்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வேற்றுமைக்கு விகிதசமமானது என்னும் நியூற்றனின் விதியை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். இருபது பாகை அறையிற் பன்னிரண்டு பாகைப் பானத்துக்கு வேற்றுமை எட்டு. யாழ்ப்பாணத்து நண்பகலில் நான்கு பாகைப் பானத்துக்கு வேற்றுமை இருபத்தெட்டு. இங்கே அது தொடக்கத்தில் மூன்றரை மடங்கு வேகமாகச் சூடேறும். ஆகவே எம்மவர் சற்றே மிகுந்த குளிரில் வார்ப்பதிற் பிழையில்லை. கிண்ணத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் உறையவைத்து எடுப்பதுதான் மிகை. உறைந்த கிண்ணத்திற் பியரை வார்த்தால் நுரை வீணே பொங்கி வழியும்.

குளிரூட்டும் பொறிக்கும் பியருக்கும் உள்ள உறவு பெரிது. பவேரியாவில் 1553ஆம் ஆண்டில், ஏப்ரல் 23 முதல் செப்ரெம்பர் 29 வரை பியர் காய்ச்சுதல் தடைசெய்யப்பட்டது. கோடையிற் காய்ச்சியது கெட்டது என்பதே காரணம். குளிர்காலத்துப் பனிக்கட்டியை நிலவறைகளிற் சேமித்து, மேலே நிழலுக்குச் செஸ்நட் மரங்களை நட்டனர். இத்தொல்லை நீங்கியது 1870களில். மியூனிச் நகரத்துப் பேராசிரியர் கார்ல் வொன் லிண்டே தமது குளிரூட்டும் பொறியை முதலில் நிறுவியது ஒரு பியர் வடிசாலையிலேயே. எமது வீட்டு மூலையில் உறுமிக்கொண்டு நிற்கும் குளிர்சாதனப் பெட்டிக்கு அதுவும் ஒரு மூதாதையாகும்.

இங்கிலாந்தில் இதனினும் எம் உள்ளத்துக்கு நெருங்கிய ஒருவர் உளர். சக்தியின் அலகாக யூல் என்னும் சொல்லை எத்தனை மாணவர் எழுதியிருப்பர்! ஜேம்ஸ் பிரெஸ்கொற் யூல் 1818ஆம் ஆண்டில் மான்செஸ்டரை அடுத்த சல்போர்ட்டிற் பியர் வடிப்போர் குடும்பமொன்றிற் பிறந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர்; குடும்பத்து வடிசாலையை நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். பாகையின் மிகச் சிறிய பின்னத்தைத் தாம் அளந்ததாக அவர் கூறியபோது அறிஞர் பலர் நம்பவில்லை. வெப்பமானியோடு நாள்தோறும் வாழ்ந்தவருக்கு அது கைவந்த கலையாயிருந்தது என்பதே எமது எண்ணம். வேலை வெப்பமாக மாறும் கணக்காக அவர் 1878ஆம் ஆண்டில் அளந்த 772.55 என்னும் எண், சேல் என்னும் ஊரில் அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிற் சென்றிருந்தபோது தம்பி எம்மை அங்கே அழைத்துச் சென்றான். மழை தூறிக்கொண்டிருந்தது. எண்ணொன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கும் மனிதரை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

தம்பி 2009ஆம் ஆண்டிற் கணக்கியல் படிக்கச் சென்றவன். மாலையில் மதுச்சாலை ஒன்றிற் கிண்ணம் கழுவத் தொடங்கி, படிப்பு முடிந்தபின்னும் அங்கேயே தங்கி, நிலவறைப் பொறுப்பாளன் ஆனான். எமது ஐயா ஓய்வுபெற்ற ஆசிரியர். மதுவிலக்குக் கூட்டங்களிற் பேசியவர். அவர் ஊராரிடம், மகன் ஓர் ஓட்டலில் அலுவல் பார்க்கின்றான் என்றே கூறிவந்தார். 2014ஆம் ஆண்டில் நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. சாதகம் பொருந்தியது, நாளும் குறிக்கும் நிலை. பெண்ணின் உறவினர் ஒருவர் இலண்டனிலிருந்து விசாரித்து உண்மையை எழுதிவிட்டார். தவறணையிற் பீப்பாய் உருட்டுபவனுக்குப் பெண் கொடோம் என்று சொல்லி அனுப்பினர். அன்றுமுதல் ஐயா அவ்வலுவலைப் பற்றி வாய்திறக்கவில்லை. 2017இற் காலமாகும்வரை திறக்கவில்லை. தம்பி பின்னர் அங்கேயே தாதி ஒருவரை மணந்து இரு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்டான். ஆயினும் அம்மா தொலைபேசியிற் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார். வேலையைப் பற்றி மாத்திரம் கேட்கமாட்டார்.

அந்த வேலை யாதென்பதை நாம் எமது கண்ணாற் பார்த்தோம். பதின்மூன்று கற்படிகள் இறங்கினால் வெள்ளையடித்த தாழ்ந்த கூரையுடைய அறை, சுவரில் வெப்பமானி, அதன் கீழே ஒரு குறிப்புப் புத்தகம். காலையும் மாலையும் பாகையைப் பார்த்துத் தம்பி அதில் எழுதுவான். பீப்பாய் ஏல் என்பது முடிந்த பொருளன்று. பீப்பாயினுள் மதுவம் இன்னும் உயிரோடிருந்து மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும். வந்திறங்கிய பீப்பாயைத் தாங்கியில் அசையாது கிடத்தி, மேலேயுள்ள துளையில் நுண்துளைகளுடைய மர முளையொன்றைச் செருகி, மிகுந்த வாயுவை வெளியேற விடுவர். அடங்கியதும் காற்றுப் புகாத வன்மரமுளையை மாற்றுவர். எப்போது மாற்றுவது என்பதைத் தம்பி நுரையைத் துடைத்துவிட்டு, அது மீண்டும் எழும் வேகத்தைப் பார்த்து அறிகின்றான். நிலவறை பதினாறு பாகைக்கு ஏறினால் மதுவம் வெறிகொண்டு வாயு முழுவதும் போகும். ஆறு பாகைக்கு இறங்கினால் அது சோர்ந்து கிடக்கும், பானமும் பனிமூட்டம்போற் கலங்கும். அக்கலக்கம் கெட்டுப்போனதன் அடையாளமன்று. புரதமும் துவர்ப்புப் பொருளும் குளிரிற் கூடித் திரள்வதே. வெம்மை ஏற அது தானே மறையும். இதனைத் தம்பி தனது வாடிக்கையாளருக்கு எத்தனை முறை விளக்கியிருப்பானோ! பீப்பாயைத் திறந்தால் ஏறத்தாழ மூன்று நாளுள் முடித்தல் வேண்டும். குழாய்களைக் கிழமைதோறும் கழுவுதல் வேண்டும். தெளிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பர் என்று கேட்டபோது மரக்கறி உணவினராகிய நாம் சற்றுப் பின்வாங்கினோம் என்பதையும் மறைப்பானேன்.

எம்மால் அருந்த இயலாதென்பதால், ஒரே ஏலை மூன்று கிண்ணங்களில் வார்த்து, ஒன்றைக் குளிர்ப்பெட்டியில் மூன்று பாகைக்கும், மற்றொன்றை மேல் அறையில் இருபது பாகைக்கும் கொண்டுவந்து, எம்முன் வைத்தான். நாம் முகர்ந்து மாத்திரம் பார்த்தோம். குளிர்ந்ததில் ஈர உலோகத்தின் வாசனையன்றி ஒன்றுமில்லை. இருபது பாகைக் கிண்ணத்தில் நெடி மூக்கைக் குத்திற்று. நடுவிலிருந்ததில், நிலவறையின் பன்னிரண்டு பாகையில், தோடம்பழத் தோலும் வறுத்த தானியமும் கலந்த மணம் தெளிவாக எழுந்தது. தம்பி எமது முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்தாண்டில் அவனது வேலையை முகர்ந்து பார்த்த முதல் உறவினர் நாமே என்பது அப்போதுதான் எமக்குத் தோன்றிற்று.

ஊர் திரும்பிய மறுநாள் அடுக்களையில் அம்மாவிடம் இவை யாவற்றையும் சொன்னோம். அம்மா அப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். எமது வீட்டில் அப்பமாவுக்குக் கள்ளுவிட்டுப் புளிக்கவைப்பதே தொன்றுதொட்ட வழக்கம். மதுவிலக்குப் பேசிய ஐயாவும் அவ்வப்பத்தை ஒருநாளும் வேண்டாமென்றதில்லை. மார்கழியில் மாப் பொங்காதென்று சட்டியை அடுப்பங்கரையில் வைப்பதும், பங்குனியில் விடியுமுன் புளித்துவிடுமென்று பின்னிரவிற் கரைப்பதும் அம்மாவின் கணக்கு. வெப்பமானி அவர் அறியார், விரல் அறியும். மர முளையைப் பற்றியும், நுரை எழும் வேகத்தைப் பற்றியும் இரண்டாம் முறையும் கேட்டார். பின்னர் கையைக் கழுவிவிட்டுத் தொலைபேசியை வாங்கித் தம்பியை அழைத்தார்.

“தம்பி, அந்த அறை பன்னிரண்டு பாகையாம் எண்டு கொண்ணன் சொல்லுறான். நாள் முழுக்க அதுக்கை நிண்டால் சளி பிடிக்காதே? மேலுக்கு என்ன போட்டுக்கொண்டு இறங்குறனீ?”