கைக்கேற்ற கருவி

எமது சஞ்சிகையில் வழமையாக நூல்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் கட்டுரைகள் வரும். நான் ஒரு விளையாட்டுக் கருவியைப் பற்றி எழுதப் போகிறேன். கணினியில் ஆடும் சண்டை விளையாட்டுகளுக்கு எந்தக் கொன்ட்ரோலர் நல்லது என்ற கேள்வி எங்கள் வீட்டில் நான்கு மாதங்கள் பேசப்பட்டது. வாப்பா, உம்மா, நானா, நான் ஆகிய நால்வருக்கும் அதில் நான்கு கருத்துகள் இருந்தன. விடை தேடிய வழியில் நான் அறிந்துகொண்டவை சகோதரிகளுக்கும், வீட்டில் இத்தகைய விளையாட்டு ஆடும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடும்.

முதலில் நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கண்டக்குழியைச் சேர்ந்தவர்கள். மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே மணலும் தோட்டமுமாக இருக்கும் ஊர். வாப்பா கடற்றொழில் செய்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிய பின் நானாவும் அவருடன் கடலுக்குப் போகத் தொடங்கினார். இரண்டு வருடங்களுக்கு முன், கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு நாளில், படகைக் கரைக்கு இழுக்கும்போது நைலோன் கயிறு அவருடைய இடது கைப் பெருவிரலில் சுற்றி இறுகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், விரல் தப்பியது. ஆனால் அதன் மூட்டு இப்போது மடங்குவதில்லை. அதன் பிறகு நானா கடலுக்குப் போவது குறைந்தது. பேச்சும் குறைந்தது. மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் அறைக்குள்ளேயே இருப்பார். விரும்பி ஆடிய டெக்கன் 7 விளையாட்டையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, கொன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினார். அதில் இடது பெருவிரலுக்குத்தான் வேலை அதிகம்.

இந்த விளையாட்டுகளை அறியாத பெற்றோருக்காகச் சிறு விளக்கம். சண்டை விளையாட்டு என்றால் திரையில் இருவர் நேருக்கு நேர் மோதுவது. 1991ஆம் ஆண்டு ஜப்பானின் கெப்கொம் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. அதில் நெருப்புப் பந்து எறிய வேண்டுமானால் கீழ், கீழ்-முன், முன் ஆகிய மூன்று திசைகளையும் ஒரே ஓட்டத்தில் தொட்டுவிட்டுக் குத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். டெக்கனில் நான்கு அடிப் பொத்தான்கள் உண்டு. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. திரை செக்கனுக்கு 60 படங்களைக் காட்டுகிறது. டெக்கனில் பலருடைய மிக வேகமான குத்து 10 படங்களில் வந்து விழுந்துவிடும். அதாவது ஒரு செக்கனில் ஆறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் கை சொன்னதைக் கருவி கேட்க வேண்டும். கருவியைத் தெரிவு செய்வதில் இவ்வளவு பேச்சு இருப்பதன் காரணம் இதுதான்.

கருவிகள் முக்கியமாக மூன்று வகை. முதலாவது, இரு கைகளாலும் பிடிக்கும் பேட். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. அதிலுள்ள கூட்டல் குறி வடிவத் திசைப் பொத்தானை நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யொகொய் வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த டொங்கி கொங் கையடக்க விளையாட்டில் அது வந்தது. மலிவு, சிறியது, பையில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் எல்லாத் திசைகளையும் இடது பெருவிரல் ஒன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆர்கேட் ஸ்டிக். காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரத்தின் மேற்பலகையை மட்டும் எடுத்து மடியில் வைத்தது போல இருக்கும். இடது கைக்கு ஒரு பிடி. அந்தப் பிடியின் அடியில் நான்கு சிறிய சுவிட்சுகள் இருக்கும். பிடி சாயும் பக்கத்துச் சுவிட்ச் அழுந்தும். ஜப்பானியப் பிடியின் தலை உருண்டையாக இருக்கும், அடியிலுள்ள ஸ்பிரிங் அதை நடுவுக்குத் திருப்பும். கொரியப் பிடியின் தலை சற்று நீண்டது, அதை ஒரு ரப்பர் வளையம் திருப்புகிறது. டெக்கன் ஆடும் கொரியர்கள் பலர் இந்த ரப்பர் வளையத்தையே விரும்புகிறார்கள். ஸ்டிக்கில் வேலை பெருவிரலிலிருந்து மணிக்கட்டுக்கு மாறிவிடுகிறது.

மூன்றாவது, பிடியே இல்லாத பெட்டி. திசைகளுக்கும் பொத்தான்கள்தான். இடது கையின் மோதிர விரல் இடம், நடுவிரல் கீழ், சுட்டுவிரல் வலம். மேலே பாய்வதற்குரிய பொத்தான் மட்டும் கீழ்ப் பக்கம் நடுவில் பெரிதாக இருக்கும். அதை எந்தக் கைப் பெருவிரலாலும் தட்டலாம். இந்தக் கடைசி வசனத்தை வாசித்த அன்றுதான் நானாவின் அறைக் கதவைத் தட்டினேன்.

இவற்றில் எது சிறந்தது? உலகப் போட்டிகளைப் பார்த்தால் ஒரே விடை கிடைக்காது. சண்டை விளையாட்டுகளின் மிகப் பெரிய போட்டியான எவோவில், 2014ஆம் ஆண்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வென்ற பிரெஞ்சு வீரர் லூஃபி, முதலாவது பிளேஸ்டேஷனுக்கு வந்த பழைய பேட்டைக் கொண்டு ஆடினார். சுற்றிலும் பெரும்பாலானோர் மடியில் ஸ்டிக் வைத்திருந்த காலம் அது. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த மைக்கல் பெகம் பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய நிலையில் பிறந்தவர். கைகளால் கருவியைப் பிடிக்க முடியாது. சாதாரண பேட்டைத் தம் முகத்தாலும் வாயாலும் இயக்கி, ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சுன்-லீ பாத்திரத்தை ஆடுவதில் பெயர் பெற்றார். அவர் 2024இல் காலமானார். தம் உடலுக்கு எது இசைகிறது என்று அவரே தேடிக் கண்டுகொண்டார்.

எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட பெயர் லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ். 2019 பெப்ரவரியில் எவோ ஜப்பான், அதே வருடம் ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த எவோ இரண்டிலும் டெக்கன் 7 பட்டத்தை அவர் வென்றார். அதுவரை பாகிஸ்தானில் இப்படி ஆடுபவர்கள் இருப்பதை வெளியுலகம் அவ்வளவாக அறியவில்லை. தம் நாட்டில் தம்மைப் போன்ற திறமைசாலிகள் இன்னும் பலர் உள்ளனர் என்று அவர் சொன்னார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற கொரிய வீரரே பின்னர் பாகிஸ்தானுக்குப் போய் அங்குள்ளவர்களோடு ஆடிப் பார்த்தார். லாகூரின் பலம் விலையுயர்ந்த கருவியில் இருக்கவில்லை, தினமும் எதிரே உட்காரும் நல்ல ஆட்டக்காரர்களில் இருந்தது என்பதை நானாவே எனக்கு விளக்கினார். விபத்துக்குப் பின் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

அடுத்தது விலை. நல்ல ஆர்கேட் ஸ்டிக் ஒன்றுக்கு 200 டொலர்கூட ஆகலாம். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. சில மாதங்களில் 360 ஆனது. நாற்பதாயிரத்துக்கு வந்திருக்கக்கூடிய பொருள் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதன் பிறகும் விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. வாப்பா கணக்குக் கேட்டுவிட்டு, "இந்தக் காசுக்கு வலை வாங்கலாமே மகள்" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் வலைக்கணக்கில்தான் அளப்போம்.

வழியைக் காட்டியது உம்மாதான். நானும் நானாவும் கணினியில் விலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "கடக்காரன்ட வாயக் கேக்காம, புள்ளட கையக் கேளுங்களேன்" என்றார்.

ஒரு காட்போட் பெட்டியை விரித்து, அதன் மேல் நானாவின் இரு கைகளையும் வைத்து பென்சிலால் வரைந்தேன். விரல்கள் இயல்பாகப் படியும் இடங்களில் சோடாப் போத்தல் மூடிகளை ஒட்டினோம். ஒரு வாரம் அஸருக்குப் பின் அதில் விரலோட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள், நடுவிரல் மூடியை அரை அங்குலம் மேலே நகர்த்தச் சொன்னார். நான்காம் நாள், பாயும் பொத்தானை வலது பெருவிரலுக்கு நேராகத் தள்ளினோம். ஒரு சதம் செலவில்லாமல் அவருடைய கைக்கு எது வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கடையில் விற்கும் பெட்டிகளின் பொத்தான்கள் ஏதோ ஒரு சராசரிக் கைக்கு அமைந்தவை. நானாவின் கை சராசரிக் கை அல்ல.

பெட்டியைச் செய்வது பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை. ராஸ்பெரி பை பிக்கோ என்று ஒரு சிறிய சர்க்கிட் போட் உண்டு. 2021இல் 4 டொலர் விலையில் வெளிவந்தது. விரல் நீளம்தான் இருக்கும். ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை அதற்குள் போட்டுவிட்டால் கணினி அதை ஒரு கொன்ட்ரோலராகவே ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு பொத்தானிலிருந்தும் ஒரு வயர் போர்டின் ஓர் ஊசிக்கும், மற்ற வயர் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முனைக்கும் போக வேண்டும். தொழினுட்பப் பாடத்தில் ஈயம் பற்றவைக்கக் கற்றிருந்ததால் அந்த வேலை என்னுடையதாயிற்று. படகு வேலை செய்யும் ஊர்த் தச்சர் ஒருவர் பலகையில் துளைகள் போட்டுத் தந்தார். பன்னிரண்டு பொத்தான்களும் போர்டும் வயரும் பலகையுமாகப் பதினோராயிரம் ரூபாயளவில் முடிந்தது.

கடற்கரையில் வாழ்வோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. எங்கள் ஊரில் கதவுக் கீல்கூட ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும். பொத்தானுக்குள் இருக்கும் சிறு உலோகத் தகட்டை உப்புக் காற்று விட்டுவைக்குமா? ஆகவே ஒவ்வொரு பொத்தானையும் கழற்றி மாற்றக்கூடியதாக வைத்தோம். ஆடாத நேரத்தில் பெட்டி மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரத்தில் இருக்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளையும் அதனுள் போட்டிருக்கிறோம். எங்கே வாங்கினாலும், பழுதானால் யார் திருத்துவார் என்பதையும் கேட்டு வாங்குவது நல்லது.

நீதி பற்றிய ஒரு கேள்வியும் எழுந்தது. பிடியை ஒரே நேரத்தில் இடமும் வலமும் சாய்க்க முடியாது. பொத்தான்களில் இரண்டையும் சேர்த்து அழுத்தலாம். அதனால் கிடைக்கும் அனுகூலம் மற்றவருக்கு அநியாயமாகலாம் என்று போட்டி நடத்துவோர் விதிகள் வகுத்தனர். புகழ்பெற்ற ஜப்பானிய வீரர் டைகோ உமெஹாராவின் பொத்தான் பெட்டி ஒன்றும் 2019இல் இத்தகைய சர்ச்சைக்குள்ளானது. எங்கள் பெட்டியில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எதையும் அழுத்தாதது போலாகும்படி அமைத்தோம். ஒரே தட்டில் பல அடிகளை ஓட்டும் வசதியைத் தொடவே இல்லை. நானாவின் பிடிவாதம் அது. "என்ட வெரல் செய்யாதத பெட்டி செய்யக் கூடாது, தங்கச்சி" என்றார்.

வீட்டில் எல்லாம் ஒரே நாளில் இலகுவாகிவிடவில்லை. டெக்கன் 7க்கு ஐரோப்பிய வயது மதிப்பீட்டில் 16 என்று போட்டிருப்பதைக் காட்டிய பிறகு, சின்னத் தம்பி பக்கத்தில் இருக்கும்போது ஆடக் கூடாது என்று உம்மா கட்டளையிட்டார். உடை ஒழுங்கில்லாத பாத்திரங்களும் தெரிவிலிருந்து நீங்கின. தொழுகையும் என் படிப்பும் பிந்தக் கூடாது என்பது வாப்பாவின் நிபந்தனை. "பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இந்தச் சண்டை வெளயாட்டு?" என்று மாமி ஒருவர் கேட்டார். "அந்தப் பெட்டிய ஒட்டினதே அவதான்" என்றார் உம்மா. மாமி பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் தையல் மெஷினின் வயரைப் பார்க்க வர முடியுமா என்று கேட்டார்.

கருவி வாங்க நினைக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் உங்கள் கையைப் பாருங்கள். எந்த விரல் சீக்கிரம் களைக்கிறது, எது வலிக்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். முடிந்தால் ஒருவரிடம் இரவல் வாங்கி ஆடிப் பாருங்கள். கையில் இருக்கும் பேட் வலி தராமல் வேலை செய்தால் அதுவே போதும். புதிய கருவிக்கு மாறினால் முதல் சில வாரங்கள் பழைய ஆட்டமும் வராது, புதிய ஆட்டமும் வராது. அதைப் பொறுக்க முடியுமா என்றும் யோசியுங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விலையைக் கேட்பதற்கு முன், பிள்ளை ஏன் அதைக் கேட்கிறது என்று கேளுங்கள். அதன் காரணம் சில வேளை விளையாட்டில் இருக்காது.

நான் இன்றும் பேட்டில்தான் ஆடுகிறேன். நானா அந்தப் பெட்டியில் ஆடுகிறார். பத்து ஆட்டங்களில் எனக்கு மூன்று கிடைத்தால் அதிகம். போன மாதத்திலிருந்து அவர் வாரத்தில் மூன்று நாள் வாப்பாவுடன் படகில் போகிறார். மற்ற நாட்களில் முன் திண்ணையில் ஒரு காட்போட்டை விரித்து வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருவில் வலது கையில் இரண்டு விரல் இல்லாத பையன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய கையைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்.